பாலத்து நடுவுல நின்ன டேங்க்

...அதத்தாண்ணே நானும் கேக்குறேன். புது மெஷினு! உள்ள இருக்குற சாமான் அத்தனையும் புதுசு! பழசுன்னு பாத்தா வெளிய இருக்குற இந்த கம்ப்யூட்டர் டப்பா ஒண்ணுதான், அதையும் நான் துடைச்சுத் துடைச்சு வச்சிருக்கேன். அப்புறம் எதுக்கு நிக்குது? சொல்லுங்க. இல்ல, சொல்லாதீங்க, மொதல்ல தொறங்க. ஷட்டர பாதி இறக்கிட்டீங்க, தெரியுது. ஞாயித்துக்கெழம, மணி பன்னெண்டு, உங்களுக்கும் வீடு வாசல் இருக்கு, எல்லாம் தெரியுது. எனக்கு மூணு மணிக்குப் போருண்ணே. நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?

மெதுவா, மெதுவா... அந்த ஸ்க்ரூவ இடப்பக்கம் சுத்தாதீங்க. அது வந்து... ஓ. சரி. நீங்க சுத்துனதுதான் சரி.

இருவத்திரெண்டு வருஷமா லிஃப்ட் இன்ஸ்பெக்டர்ணே நான். ஆஸ்பத்திரி லிஃப்ட், ஆபீஸ் லிஃப்ட், ஓட்டல் லிஃப்ட். என் கையெழுத்து இல்லாம இந்த ஊர்ல ஒரு லிஃப்ட் மேல போகாது. போனது கீழ வராது. கதவு மூடுற சத்தத்த வச்சே எந்தப் பக்கத்து ரோலரு தேஞ்சிருக்குன்னு சொல்லுவேன். அப்பேர்ப்பட்டவன், ஒரு டப்பாவ இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு மூணு தெரு நடந்து உங்ககிட்ட வந்து நிக்கிறேன்னா... விடுங்க. நேரம்.

கேமான்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டீங்கல்ல இப்ப? வாயத் தொறக்கல, ஆனா மூஞ்சி கேட்டுச்சு. கேம் இல்லண்ணே, சிமுலேஷன். ராணுவ சிமுலேஷன். கேம்னா என்ன? ஓடுவான், குதிப்பான், சுடுவான், செத்தா எந்திரிச்சு வந்துருவான். இதுல அந்த வேலையே கெடையாது. டேங்க ஸ்டார்ட் பண்றதுக்கே பதினேழு சுவிட்சு. எட்டாவது சுவிட்ச மறந்தா திரும்ப மொதல்லேர்ந்து வரணும். ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் சூடாகணும்னு நாலு நிமிஷம் சும்மா உக்காந்திருக்கணும். நெஜமான நாலு நிமிஷம்! அப்புறம் ஓட்டணும். போன தடவ ரெண்டு மணி நேரம் வயக்காட்டுல ஓட்டுனேன், எதிரிங்கிறவன் இருக்கானா இல்லையான்னே தெரியல. நாலு வருஷத்துல நான் மொத்தமா சுட்டது ஒரே ஒரு குண்டு. அதுவும் கை தவறி. அதுவும் எங்க டீசல் லாரி மேல.

என் பொண்டாட்டி சொல்லுவா, "வெளிய நெஜ வண்டி ஒண்ணு நிக்குது, அத ஓட்டிட்டுப் போயி லாண்டரித் துணிய வாங்கிட்டு வரக்கூடாதா"ன்னு. அவளுக்கு என்ன தெரியும்? லாண்டரிக்குப் போனா யாரு நம்மள வழியில தாக்கப் போறா?

நாப்பது பேருண்ணே எங்க படை. சின்னப் பசங்க ஒருத்தர் கெடையாது, எல்லாம் பொறுப்பான ஆளுங்க. எங்க மருத்துவப் பிரிவப் பாத்துக்குறவரு நெஜத்துலயே டாக்டரு. பல் டாக்டரு. அடிபட்டுக் கெடக்கேன், ரத்தம் கொட்டுதுன்னு மைக்ல கத்துனா, "எத்தன நாளா இருக்கு?"ம்பாரு. பழக்கதோஷம். ஆனா தங்கமான மனுஷன்.

கேப்டன் யாருன்னு கேளுங்க.

என் மாமியாரு.

சிரிக்காதீங்கண்ணே. கை ஆடுது, உள்ள ஸ்க்ரூ விழுந்துரப் போகுது. நெஜமாத்தான் சொல்றேன். அத்தை வந்து பஸ் டிப்போல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. முப்பத்தொரு வருஷம். எந்த பஸ்ஸு எத்தன மணிக்குக் கெளம்புச்சு, எந்த டிரைவரு டீ குடிக்கப் போயி எத்தன நிமிஷம் லேட்டு, எல்லாம் விரல் நுனியில. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்ல வந்து ஒரு மாசம் தங்குனாங்க. ஒருநா நான் ஓட்டிக்கிட்டிருக்கேன், பின்னாடி சேரப் போட்டு உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டே பாக்குறாங்க. அரை மணி நேரத்துல ஒரு கிலோ முடிஞ்சுச்சு. அப்புறம் மெதுவா, "மாப்ளை, எதுக்கு பதினோரு வண்டியும் ஒரே கேட் வழியா வெளிய போகுது?"ன்னாங்க.

அவ்ளோதாண்ணே. அதுவரைக்கும் நாப்பது பேருக்கும் தோணல. அடுத்த வாரமே அத்தைக்கு ஒரு ஐடி. மூணு மாசத்துல லாரிங்க எல்லாம் அவங்க பொறுப்பு. ஆறு மாசத்துல கேப்டன் தேர்தல். சரி பாவம், தோக்கப் போறாங்க, மாமியாராச்சேன்னு மரியாதைக்கு நானும் ஒரு ஓட்டுப் போட்டேன். நாப்பதுக்கு முப்பத்தொம்போது! அவங்க ஓட்டு ஒண்ணுதான் அவங்களுக்கு விழல.

அவங்க மெஷினப் பாத்திருந்தீங்கன்னா அழுதுருவீங்க. ஏதோ ஆபீஸ்ல கழிச்சுக் கட்டுன லேப்டாப்பு. கீபோர்டுல ஏழு எழுத்து கெடையாது, சும்மா பள்ளந்தான். மரமெல்லாம் பச்சப் பெட்டி மாதிரி தெரியும். அவங்க சண்டைக்கே வர மாட்டாங்கல்ல, மேப்ப ஒண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. மூக்குக் கண்ணாடி, ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு கடிகாரம். அதுல உக்காந்துக்கிட்டு நாப்பது பேர ஆட்டி வைக்கிறாங்க. போருன்னு வந்துட்டா மாப்ளையாவது மண்ணாவது. என் டேங்க் நம்பர வச்சு "நாலாம் நம்பர்"னுதான் கூப்பிடுவாங்க. நானும் "சொல்லுங்க கேப்டன்"னுதான் சொல்லணும். ஒருநா வாய் தவறி "அத்தை"ன்னுட்டேன், நாப்பது பேருக்கு முன்னாடி, "இங்க அத்தை யாரும் கெடையாது"ன்னுட்டாங்க. என் பொண்டாட்டி அடுப்படியில இருந்து சிரிக்கிறா.

எதுல விட்டேன்? ஆங், மெஷினு. நாலு மாசமா இந்த ஏழரை. சும்மா வயக்காட்டுல ஓட்டுனா நல்லாத்தான் போகும். பத்து வண்டி சேந்து, பொகையக் கெளப்பி, நாலு பக்கமும் சுட ஆரம்பிச்சா போதும், படம் விட்டு விட்டு வரும். விக்கல் எடுக்குற மாதிரி. அப்புறம் அப்படியே உறைஞ்சு போயிரும். மொதல்ல மெமரி பத்தலன்னு மெமரிய மாத்துனேன். நின்னுச்சு. கிராபிக்ஸ் கார்ட மாத்துனேன். அது நீளம்னா நீளம், உள்ள வச்சா டப்பா கதவு மூட மாட்டேங்குது. அப்பவும் நின்னுச்சு. பவர் சப்ளைய மாத்துனேன். நாலு ஃபேன் போட்டேன், இப்ப ரூம்ல ஒரு காகிதம் வைக்க முடியல, பறந்துருது. பாத்தேன், இனி மாத்துறதுக்கு ஒண்ணும் இல்ல, சரி, சேருக்கு அடியில ஒரு மோட்டரு மாட்டுனேன். அது இந்த நிக்கிற கோளாறுக்கு இல்லண்ணே, இன்ஜின் அதிர்வு உடம்புல தெரியணும்ல, அதுக்கு. மொத நாள் போட்டப்போ கீழ்வீட்டுக்காரரு பூகம்பம்னு நெனச்சு குடும்பத்தோட தெருவுல போயி நின்னுட்டாரு. நான்தான் போயி சமாதானம் சொன்னேன். இன்னும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குறாரு.

ஒரு மாசத்துக்கு முன்னாடி... சொல்லவே வாய் கூசுதுண்ணே. பாலத்துச் சண்ட. ஏழு மாசம் பயிற்சி எடுத்தோம் அதுக்கு. ஒத்த வண்டி போற அளவுக்குத்தான் பாலம். அத்தை நிமிஷக் கணக்குப் போட்டு வச்சிருக்காங்க: மொத வண்டி நான், எனக்குப் பின்னாடி நாப்பது நாப்பது விநாடி விட்டுப் பதினோரு வண்டி. நல்லாப் போறேன். கம்பீரமாப் போறேன். பாலத்து நடுவுல போறப்ப எதிரி பொகையப் போட்டான். விக்குச்சு. ரெண்டாவது தடவ விக்குச்சு. நின்னுருச்சு!

பாலத்து நடுவுலண்ணே. குறுக்க. பின்னாடி பதினோரு வண்டி ஒண்ணு மேல ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்குது. எதிரிக்கே ஒண்ணும் புரியல. இது ஏதோ பெரிய தந்திரம்னு நெனச்சுப் பத்து நிமிஷம் சுடவே இல்ல, பாத்துக்கங்க. அப்புறந்தான் தைரியம் வந்து ஒண்ணொண்ணா சுட்டான். பல் டாக்டரு ஆத்துல விழுந்துட்டாரு. எல்லாம் முடிஞ்சப்புறம் அத்தை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "நாலாம் நம்பர், இப்ப டைம் என்ன?"

விசாரண வச்சாங்க. நான் வாய மூடிக்கிட்டு, தப்பு எம்மேலதான், மெஷின் சரியில்லன்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்ல? சொல்லலண்ணே. மச்சான் மேல போட்டேன்.

மச்சான்னா அத்தையோட மகன், என் பொண்டாட்டிக்குத் தம்பி. காது கேக்குற மெஷின் விக்கிறவன். கத்திக் கத்திப் பேசுறவங்களோடயே பொழப்பு, ஆனா அவன் மட்டும் பஞ்சு மாதிரிப் பேசுவான். எங்க படைக்கு சர்வரு, ரேடியோ, எல்லாம் அவன்தான் பாத்துக்கிட்டான். அவன் சர்வர் சரியில்ல, அதனாலதான் என் டேங்க் நின்னுச்சுன்னு புகார் எழுதுனேன். பதினாலு பக்கம். படம் போட்டு, அம்புக்குறி போட்டு, அட்டவணை போட்டு. லிஃப்ட் ரிப்போர்ட் எழுதி எழுதி நமக்குக் கை பழகிப் போச்சுல்ல, படிக்கிறவன் மறுத்துப் பேச முடியாது. அத்தை கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பதினாலு பக்கமும் படிச்சாங்க. "இதுக்கு உன் பதில் என்ன?"ன்னு அவன்கிட்டக் கேட்டாங்க. சொந்த மகன்கிட்ட. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "எனக்கு சர்வர்ல ஒண்ணும் தெரியலம்மா. ஆனா மாமா இவ்ளோ எழுதியிருக்காருன்னா இருக்கும்"ன்னான்.

சண்ட போட்டிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும். இப்படிப் பேசுனா என்ன பண்றது?

அவனக் கொடிக்கம்பத்துக்கு மாத்திட்டாங்க. எங்க படையில இதவிடக் கீழ ஒரு வேல கெடையாது. சண்ட நடக்குற எடத்துலேர்ந்து முப்பது கிலோமீட்டரு பின்னாடி ஒரு முகாம். அதுல ஒரு கொடிக்கம்பம். அதுக்குப் பக்கத்துல நிக்கணும். அவ்ளோதான். அங்க எதிரி வந்ததே இல்ல, வரவும் மாட்டான், அவனுக்கு அங்க என்ன வேல? தெனம் சாயந்தரம் ஒரு மணி நேரம் நின்னு ரிப்போர்ட் எழுதிப் போடணும். வேற யாரா இருந்தாலும் மெஷின ஆன் பண்ணி விட்டுட்டு டிவி பாக்கப் போயிருவான். இவன் நிக்கிறான்! இருவது நாளா நிக்கிறான்! "கொடி பறக்கிறது. எதிரி நடமாட்டம் இல்லை. வடக்கே ஒரு மாடு." இதுதான் நேத்து ரிப்போர்ட்டு.

வீட்ல என்னாச்சு? என் பொண்டாட்டி பேசுறதில்ல. தட்ட வைக்கிறா பாருங்க, 'டங்'குனு, அதுலயே எல்லாம் சொல்லிருவா. "எந்தம்பிய ஒரு கம்பத்துல கட்டி வச்சுட்டீங்கல்ல"ன்னு ஒருநா கேட்டா, அதோட சரி. அத்தை வாராவாரம் வருவாங்க, இப்ப வர்றதில்ல. போர்ல மட்டுந்தான் பேச்சு.

இன்னிக்கு மூணு மணிக்கு அதே பாலத்துல திரும்ப இறங்குறோம். நான்தான் மொத வண்டி. மச்சான் இப்ப சர்வர்ல இல்ல, அப்பவும் நின்னுச்சுன்னா... அவன் மேல தப்பில்லன்னு ஆயிரும். பதினாலு பக்கமும் புளுகுன்னு ஆயிரும். அதான் காலையில ஒரு தடவ ஓட்டிப் பாத்துருவோம்னு, நெட்டு, சர்வரு ஒண்ணும் இல்லாம, தனியா உக்காந்து...

நின்னுச்சுண்ணே.

ஆமா, சர்வரே இல்லாமத்தான். இத நான் உங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாது. பேச்சு வாக்குல வந்துருச்சு. நீங்க வேலையப் பாருங்க.

எதுக்கு அதக் கழட்டுறீங்க? அது கூலரு, உள்ள இருக்குற சிப்போட சூட்ட இழுத்து வெளிய தள்ளுறது. அதுல ஒண்ணும் இருக்காதுண்ணே, அது புதுசு. பெருசு வேற, பாத்தீங்கல்ல, செங்கல் மாதிரி. என் பொறந்தநாளைக்கு மச்சான் வாங்கிக் குடுத்தது. "நானே வந்து மாட்டித் தர்றேன் மாமா"ன்னான். போடா, இருவது பேரு ஏறுற லிஃப்ட்டுக்கெல்லாம் கையெழுத்துப் போடுறவன்டா நான், இத மாட்டத் தெரியாதான்னு நானே மாட்டுனேன். ஒரு நாலு மாசம் இருக்கும்...

நாலு மாசம்.

என்னது அது? கையில என்ன அது? பிளாஸ்டிக்கா? எங்கேர்ந்து வந்துச்சு? அடியிலயா? கூலருக்கு அடியில, ஒட்டிக்கிட்டா? சேச்சே, அது அப்படித்தான் வரும்ணே, கம்பெனியிலேர்ந்தே... ஏதோ எழுதியிருக்கா? என் கண்ணாடி எங்க... குடுங்க, நானே படிக்கிறேன். செவப்பு எழுத்துல. 'மாட்டும் முன்... இதை... உரிக்கவும்.'

ம்.

பாத்தேண்ணே. பாக்காம இல்ல. பளபளன்னு இருந்துச்சு. கீறல் விழக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் ஒட்டியிருக்கான், அவ்ளோ அக்கறையா ஒட்டுனத நாம ஏன் உரிக்கணும்னு... எழுத்து? எழுத்து கீழ்ப்பக்கம் இருந்துச்சு. புக்கு இருந்துச்சு, இல்லாம என்ன. பெட்டியிலயே இருக்கு. அதுக்கும் ஒரு பிளாஸ்டிக் கவரு, அதையும் உரிக்கல.

அப்ப சூடு அதுல ஏறவே இல்லையா? உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டு இருந்துச்சா, நாலு மாசமா? சூடு தாங்காமத்தான் நின்னுச்சா? மெமரி, கார்டு, பவரு, ஃபேனு... ஐயோ, சேரு! கீழ்வீட்டுக்காரரு!

சரி சரி, போடுங்க. அந்த சூடு கடத்துற பசையத் தடவுங்க, தாராளமா... போதுமா? பட்டாணி அளவு போதுமா? நீங்க சொன்னாச் சரி. நான் இனிமே எதையும் சொல்றதா இல்ல. மாட்டிட்டீங்களா? போடுங்க, போட்டுப் பாருங்க. அந்தப் பாலத்தையே தொறங்க, அங்கதான் மெஷினுக்கு மூச்சு முட்டும். பொகையப் போடுங்க. இன்னும் போடுங்க. எல்லா வண்டியையும் சுட விடுங்க! அண்ணே... அண்ணே, பாருங்களேன்! விக்கவே இல்ல! வெண்ணெ மாதிரிப் போகுது! பத்து நிமிஷம் ஆச்சா? ஐயோ, இந்தப் பாலத்துல இவ்ளோ பூச்செடி இருக்குறதே எனக்குத் தெரியாதுண்ணே! வாழ்க நீங்க! மூணு மணிக்குப் பறக்குறேன் பாருங்க. எல்லாரும் சொல்லுவாங்க, நாலாம் நம்பரு சொன்னது கரெக்டு, மச்சான அந்த எடத்தவிட்டு எடுத்தாங்க, டேங்க் சும்மா...

சும்மா...

அப்படித்தானே சொல்லுவாங்க. இப்ப இது நிக்காம ஓடுனா, அவன்தான் தப்புன்னு முடிவாயிரும்ல. அவனே நம்பிருவான்ணே. ஏற்கனவே பாதி நம்பிட்டான்.

பில்லுல என்னன்னு எழுதப் போறீங்க? இல்ல, சும்மாக் கேட்டேன். 'போர்டுல லேசா ஈரம்'னு எழுத முடியுமா? மழக் காலம்தானே. எழுத வேணாம், வாயால சொன்னாப் போதும், யாராவது போன் பண்ணிக் கேட்டா... ஏண்ணே அப்படிப் பாக்குறீங்க? அந்தப் பிளாஸ்டிக்க வேற கண்ணு முன்னாடி மேஜ மேல வச்சிருக்கீங்க.

எங்கல்யாணத்துல அவனுக்குப் பத்து வயசு. என் செருப்பத் தொலைச்சுட்டேன்னு அழுதான். தொலைச்சது நான். இப்பதான் ஞாபகம் வருது பாருங்க.

இருங்க. ஒரு நிமிஷம். போன் பண்ணிக்கிறேன்.

அத்தை... ஆமா கேப்டன், நாலாம் நம்பர்தான். தெரியும், இன்னும் நேரம் இருக்கு, நான் லேட்டு இல்ல. ஒரு விஷயம். அந்தப் பாலத்துல... சர்வர் இல்ல கேப்டன். நான்தான். கூலருக்கு அடியில ஒரு பிளாஸ்டிக்கு... உரிக்கல. ஆமா. எழுதியிருந்துச்சு. செவப்புல. ஆமா, தமிழ் தெரியாம இல்ல, படிக்கல. காலையிலயே தெரியும், அவன் மேல தப்பில்லன்னு காலையிலயே தெரியும், அதையும் சொல்லிர்றேன். ஆமா. சரி. சரி. எழுதிக்கிறேன். அதுவும் சரி... யாரு, அவனா? வரலியா? ஏனாம்? ஓ... ஓஹோ. சரி கேப்டன். இல்ல, எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்ல. வச்சுர்றேன். என்னது? ...சரிங்க அத்தை. வர்றோம்.

கடைசியில 'மாப்ளை'ன்னுட்டாங்கண்ணே. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரச் சொல்றாங்க.

தண்டனையா? இல்லாமயா! புகார் பதினாலு பக்கம்னா மறுப்பும் பதினாலு பக்கம் இருக்கணுமாம். படத்தோட. அம்புக்குறியோட. அந்தப் பிளாஸ்டிக்கப் படமா வரைஞ்சு காட்டணுமாம். வெள்ளப் பேப்பர் ஏதாவது வச்சிருக்கீங்களா? டேங்கு பல் டாக்டருக்குப் போயிருச்சு. எட்டாவது சுவிட்ச மறந்துராதீங்கன்னு அவருகிட்டச் சொல்லணும்.

கூத்தக் கேளுங்க. மச்சான் திரும்ப ரேடியோவுக்கு வர மாட்டேன்னுட்டானாம்! "இருவது நாளா யாரும் என் காதுல கத்தலம்மா, நான் இங்கயே இருந்துக்குறேன்"ன்னு சொல்லிட்டானாம். அதனால கொடிக்கம்பத்துக்கு இனிமே ரெண்டு பேரு. அவன்தான் சீனியரு. நான் அவனுக்குக் கீழ. அவன் சொன்னா சல்யூட் அடிக்கணும், அவன் சொன்னாத்தான் உக்காரணும். மாட்டப் பாத்தா நான் அவன்கிட்டச் சொல்லணும், அவன்தான் ரிப்போர்ட்ல எழுதுவான்.

மூணு மணிக்கு டாண்ணு நிக்கணும்ணே, கட்டிக் குடுங்க, தூக்கிட்டு ஓடுறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவ்ளோ பெரிய கார்டு, இவ்ளோ மெமரி, இவ்ளோ ஃபேனு... கொடியாவது விக்காமப் பறக்கும்ல?